கொடியில் காயும் பால் கவர்கள்

பிப்ரவரி 9

அன்புள்ள சண்டைக்கோழிக்கு,

அண்ணி எழுதுவது. உன் கடிதம் நேற்று வந்தது. பேரக்குழந்தைக்குப் பல் முளைத்த சேதியை உன் அண்ணனுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். இரண்டாவது தடவை அவரே கேட்டார். கேட்டுவிட்டு, “கடிக்குமா?” என்றார். நாத்தனார் பேரன் கடிக்காமல் என்ன செய்வான் என்றேன்.

போனில் பேசினால் போதாதா என்று உன் மகன் கேட்கிறானாம். போனில் நீ அங்கே குழந்தையை அதட்டுகிறாய், நான் இங்கே அடுப்பை அணைக்க ஓடுகிறேன். இதற்கு நடுவில் பேச்சு எங்கே நடக்கிறது? கடிதமே எழுது. ஆனால் உன் அண்ணன் எழுதுகிற மாதிரி எழுதாதே. “இங்கு எல்லோரும் சுகம், அங்கு எல்லோரும் சுகமா” என்று இரண்டே வரி. அது விலாசத்துக்கு எழுதுகிற கடிதம், ஆளுக்கு எழுதுகிறது இல்லை.

தெருச் சேதிக்கு வருகிறேன். காலையில் நான் நடக்கப் போகும்போது நீ கூட வந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஈரக் குப்பைக்குப் பச்சை வாளி, உலர்ந்ததற்கு நீல வாளி. மாடி வீட்டு மருமகளை நினைவிருக்கிறதா? “குப்பைக்குக்கூட சோப்பு போட்டுக் குளிப்பாட்டணுமா டீச்சர்?” என்று முதலில் நம்மைக் கேலி செய்தவள். இப்போது அவள் வீட்டுக் கொடியில் கழுவிய பால் கவர்கள் கிளிப் போட்டுக் காய்கின்றன. பார்க்கும்போதெல்லாம் எனக்கு நீயும் நானும் நகராட்சி வாசலில் உட்கார்ந்த நாட்கள்தான் ஞாபகம் வரும். இரண்டு அறை உள்ள லாரி ஒன்று வேண்டும் என்று கேட்டு ஐந்து வருஷம். நீ அதிகாரியின் மேசையில் அழுகிய தக்காளியையும் பிளாஸ்டிக் பையையும் சேர்த்து வைத்து, “இதைப் பிரிச்சுக் குடுங்க, நாங்க போயிடறோம்” என்றாயே.

இப்போது பின்தெருக்காரர்களும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏப்ரல் கடைசி ஞாயிறு அங்கே கூட்டம். போன வாரம் சும்மா ஒரு முறை போய்ப் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அதுதான் சந்தேகமாக இருக்கிறது. வகுப்பில் வேகமாகத் தலையாட்டுகிற பிள்ளையைத்தான் நான் எழுப்பிக் கேள்வி கேட்பேன். பாடம் உள்ளே போகிற பிள்ளைக்குத் தலையாட்ட நேரம் இருக்காது, அது யோசித்துக்கொண்டிருக்கும். நம் தெரு அப்படியா? எத்தனை கேள்வி, எத்தனை சண்டை! இந்த இரண்டு வருஷமாகத்தான் ஒரு சண்டையும் இல்லை. பழகிவிட்டது.

மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன். ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷம் ஆகியும் உன் அண்ணன் என்னைக் கண்ணாடிக் கிண்ணம் போலத்தான் பார்த்துக்கொள்கிறார். நீயாவது வந்து அவரைத் திட்டு.

உன் அன்பு அண்ணி


பிப்ரவரி 26

அன்பும் மரியாதையும் மிக்க அண்ணிக்கு,

உங்கள் சண்டைக்கோழி எழுதுவது. இங்கே குளிரில் கோழி கூவுவதில்லை. கம்பளிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

குழந்தை கடிக்கிறான். அண்ணனிடம் சொல்லுங்கள். என் விரலைக் கடித்துவிட்டு அவனே அழுகிறான், நான்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தக் கட்டடத்தில் குப்பைக்கு வாளியே கிடையாது அண்ணி. மாடிக்கு மாடி சுவரில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. திறந்து பையைப் போட்டால் உள்ளே சறுக்கிக்கொண்டு கீழே போகும். எல்லாம் ஒரே குழாய்தான். வந்த புதிதில் நான் தக்காளித் தோலைத் தனியாக ஒரு பையில் கட்டிக்கொண்டு போய், அந்தக் கதவின் முன்னால் எதை முதலில் போடுவது என்று தெரியாமல் நின்றேன். மகன் பார்த்துவிட்டான். “அம்மா, எல்லாம் கீழ ஒண்ணாத்தான் போய் விழும். நீ எதுக்குத் தனித்தனியாக் கட்டுற?” என்றான். பையைப் போட்டுவிட்டு அது விழுகிற சத்தம் கேட்கும் வரைக்கும் நிற்பேன். இப்போது நிற்பதில்லை.

பின்தெருக் கூட்டம் எதற்கு அண்ணி? நம் தெருவோடு போதாதா? அவர்கள் தெருவை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் நெஞ்சு முன்போல இல்லை. கூட்டம் என்றால் பேச வேண்டும், பேசினால் மூச்சு வாங்கும். நான் பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை, இல்லையே. கொடியில் கவர்கள் காய்கின்றன என்று எழுதினீர்கள். படிக்கக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள். அண்ணன் உங்களைக் கண்ணாடிக் கிண்ணம் போலப் பார்த்தால் பார்க்கட்டும், விடுங்கள்.

ஒரு சின்னக் குறை. போன கடிதத்தில் என் அறையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அந்த ஜன்னல் இன்னும் ஒட்டிக்கொள்கிறதா?

உங்கள் அன்பு நாத்தனார்


மார்ச் 18

அன்புள்ள சண்டைக்கோழிக்கு,

கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வாசிக்கிற கண்ணாடி போய்விட்டது. அது போன கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன். உன் அண்ணனுக்கு இந்தக் கடிதம் தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை கண்ணாடியைக் கழற்றி, காலியான மாத்திரை அட்டைப்பெட்டி ஒன்றில் வைத்துவிட்டுக் கண்ணை மூடியிருக்கிறேன். உன் அண்ணன் காலிப் பெட்டிகளை எல்லாம் ஒழித்து நீல வாளியில் போட்டுவிட்டார். எனக்கு விஷயம் உறைத்தபோது லாரி தெருமுனை தாண்டிவிட்டது. தெருவில் நின்ற ஆட்டோவில் ஏறி, “அந்தக் குப்பை லாரி பின்னாலயே போப்பா” என்றேன். “எங்க போனாலுமா?” என்றான். எங்கே போனாலும் என்றேன்.

ஊருக்கு வெளியே நாம் இருவரும் திறப்பு விழாவுக்குப் போன கொட்டகை இருக்கிறதே, நம் உலர்ந்த குப்பையைத் தரம் பிரிக்கிற இடம். அதன் கதவில் பூட்டு தொங்கியது. பூட்டின் வளையத்துக்குள் ஒரு கொடி நுழைந்து வெளியே வந்து பூத்திருந்தது. படியில் நாய் ஒன்று குட்டிகளோடு படுத்திருந்தது. லாரி அங்கே நிற்கவே இல்லை. நேராகப் பள்ளத்துக்குப் போய்ப் பின்புறத்தைத் தூக்கியது. இடது அறையும் வலது அறையும் ஒன்றாகக் கொட்டின.

தூரத்துப் பார்வைக்கு எனக்குக் கண்ணாடி தேவையில்லை. எல்லாம் நன்றாகத் தெரிந்தது. கறுப்பாக அழுகிக் கிடந்ததற்கு மேலே வெள்ளை வெளேரென்று சில பால் கவர்கள். கழுவி வைத்தது என்பதால் அடையாளம் தெரிந்தது. அதைப் பிரித்து எடுக்கலாம் என்று தோன்றிய புத்தியை என்னவென்று சொல்வது? இரண்டு அடி இறங்கியும் விட்டேன்.

டிரைவர் ஓடி வந்து கையைப் பிடித்தார். “டீச்சர், நீங்க எதுக்கு இங்கல்லாம் வர்றீங்க?”

“எத்தனை நாளா இப்படிப்பா?”

“கொட்டகையை மூடி ரொம்ப நாளாச்சு டீச்சர். உங்ககிட்ட யாரும் சொல்லலையா?”

“யார் சொல்லணும்?”

அவர் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “தண்ணி குடிக்கிறீங்களா?” என்றார். நல்ல மனுஷர். கண்ணாடியைத் தேடுகிறேன் என்று ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கப் பார்த்தார். நான்தான் வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். “போனாப் போகுது, புதுசு வாங்கிக்கலாம்” என்றார் உன் அண்ணன். ஒரு பேனா மூடி தொலைந்தால் மூன்று நாள் தேடுகிறவர்.

இப்போது நான் என்ன செய்வது, சொல். தையற்காரம்மா முதுகு வலியோடு குனிந்து கவர் கழுவுகிறாள். அவளைத் தினமும் காலையில் பார்த்து, “நல்லா இருக்கியாம்மா” என்று கேட்டுவிட்டுக் கடந்து போகிறேன். இது ஏமாற்று இல்லையா? உள்ளதைச் சொன்னால் மறுநாளே வாளிகள் ஒன்றாகிவிடும் என்று பயமாகவும் இருக்கிறது. பின்தெருக் கூட்டத்தில் என்ன முகத்தோடு நிற்பேன்?

ஒன்று தோன்றுகிறது. எல்லோரையும் கூட்டி உள்ளதைச் சொல்லி, மறுபடி நகராட்சி வாசலில் போய் உட்கார்ந்தால் என்ன? ஐந்து வருஷம் உட்கார்ந்த தெருதானே. லாரி கேட்டு வாங்கினோம், கொட்டகையைத் திறக்கச் சொல்லிக் கேட்க மாட்டோமா? நீ இருந்தால் இந்நேரம் துணிப்பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டிருப்பாய். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

உன் அறை ஜன்னல் இன்னும் ஒட்டிக்கொள்கிறது. ஒரு குத்து விட்டால் திறக்கும்.

உன் அன்பு அண்ணி


மார்ச் 30

அன்புள்ள அண்ணிக்கு,

சொல்லாதீர்கள்.

முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், பிறகு குழந்தை கூப்பிட்டான் என்று போய்விட்டால் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக.

சொல்லி என்ன ஆகப் போகிறது? குத்தகைக்காரன் கட்டுப்படியாகவில்லை என்று போய்விட்டான், வேறு ஆள் வரவில்லை. நகராட்சி என்ன செய்யும்? நீங்கள் போய் உட்கார்ந்தால் உள்ளே வரச் சொல்லி டீ கொடுப்பார்கள். அவ்வளவுதான். வெயிலில் உட்கார்ந்து உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் கொட்டகை திறக்குமா?

தெருவில் பழக்கம் வந்திருக்கிறது. பழக்கம் பெரிய விஷயம் என்று நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்? பிள்ளைகளுக்கு முதலில் கையெழுத்து வரட்டும், அர்த்தம் பிறகு வரும் என்பீர்களே. வாளிகள் இரண்டாகவே இருக்கட்டும். ஒருநாள் கொட்டகை திறந்தால் அன்றைக்குத் தெரு தயாராக இருக்கும்.

தையற்காரம்மாவை நினைத்து வருந்தாதீர்கள். அவளுக்கு ஒன்றும் ஆகாது. பின்தெருவுக்குப் போக வேண்டாம், உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்புங்கள். அண்ணனிடமும் எதுவும் கேட்க வேண்டாம்.

என் பேச்சைக் கேளுங்கள் அண்ணி. இது ஒன்று மட்டும்.

உங்கள் அன்பு நாத்தனார்


ஏப்ரல் 20

நாத்தனாருக்கு,

உன் பேச்சைக் கேட்கவில்லை. சொல்லிவிட்டேன்.

தையற்காரம்மா வீட்டு முன்னறையில் கூட்டம். மெஷின்களைச் சுவரோரம் தள்ளி, துணி மூட்டைகளின் மேல் எல்லோரும் உட்கார்ந்தார்கள். வீட்டுக்கு ஒருவராவது வந்திருந்தார்கள். நான் பள்ளத்தில் பார்த்ததை முதலிலிருந்து சொன்னேன். பூட்டில் படர்ந்த கொடி வரைக்கும் சொன்னேன்.

கெட்ட சேதி சொன்னால் ஒரு வகுப்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. எல்லோரும் உன் அண்ணனைப் பார்த்தார்கள்.

அவர் குடையின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர்தான், “சார், நீங்களே சொல்லிடுங்க” என்றார். கடைசியில் தையற்காரம்மா சொன்னாள்.

“எங்களுக்குத் தெரியும் டீச்சர். நீங்க ஆஸ்பத்திரில இருந்தப்பவே தெரியும். உங்க நாத்தனார் இதே ரூம்ல எல்லாரையும் கூட்டி வச்சுச் சொன்னாங்க. அண்ணிக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்க, அவங்க எழுந்து நடமாடுற வரைக்கும் எப்பவும் போல செய்யுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க.”

“நான் எழுந்து நடந்து ரெண்டு வருஷம் ஆச்சேம்மா.”

“ஆமா டீச்சர். அப்புறம் யார் சொல்றதுன்னு தெரியல.”

மாடி வீட்டு மருமகள் தலையைக் குனிந்துகொண்டு, “நீங்க காலையில நடக்க வருவீங்கல்ல, அதுக்காக ரெண்டு கவர் மட்டும் கழுவித் தொங்க விடுவேன்” என்றாள். உடனே மருந்துக்கடைக்காரர், “நீ பரவாயில்லம்மா. எங்க வீட்ல போன தீபாவளிக்கு முன்னாடி போட்ட கவர்” என்று ஏதோ சொல்ல வந்து, “ஒரே கவர்தான் டீச்சர் தொங்குது, வெயில்ல மக்கியே போயிடும் போல” என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் உறைத்தது, பள்ளத்தில் நான் அடையாளம் கண்ட கவர்கள் என் வீட்டுக் கவர்களாகத்தான் இருக்கும்.

சிரிப்பு அடங்கியதும், “சரி, போனது போகட்டும். நாளைக்குக் காலையில எல்லாரும் நகராட்சிக்குப் போவோம்” என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். வேகமாக ஆட்டினார்கள். கலைந்து போகும்போது ஒருவர் வாசலில் நின்று, “அப்ப இனிமே கழுவ வேண்டாம்ல டீச்சர்?” என்று கேட்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

மறுநாள் காலை தெருமுனையில் நானும் உன் அண்ணனும் மட்டும் நின்றோம். தையற்காரம்மா வந்து, இன்றைக்குத் துணி கொடுக்க வேண்டிய நாள் என்று சொல்லிவிட்டுப் போனாள். உன் அண்ணன் குடையை விரித்து என் பக்கம் சாய்த்து, “வெயில் ஏறுது, போலாமா?” என்றார். எங்கே என்று கேட்கவில்லை. வீட்டுக்குத்தான் திரும்பினோம்.

நான் குத்தகைக்காரனைப் பற்றி உனக்கு எழுதவே இல்லை. உன் கடிதத்தில் அவன் இருந்தான். வாசித்தபோது இடறியது. நீ யாரிடமாவது கேட்டிருப்பாய் என்று விட்டுவிட்டேன். நாற்பது பிள்ளைகளில் ஒன்று பார்த்து எழுதினால் கண்டுபிடிக்கிறவள் நான்.

கோபம் எதற்கு என்று உனக்குத் தெரிய வேண்டும். என் உடம்புக்காக மறைத்தாய், அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் நினைத்துப் பார். ஒரு தெரு முழுவதும் சேர்ந்து, ஒருவர்கூடக் காட்டிக்கொடுக்காமல், இரண்டு வருஷம் ஒரு ரகசியத்தைக் காத்திருக்கிறது. நீயும் நானும் வாசல் வாசலாக ஏறி இறங்கியும் அப்படி ஓர் ஒற்றுமையை உண்டாக்க முடிந்ததில்லை. நீ ஒரே சாயங்காலத்தில் உண்டாக்கிவிட்டாய். அதைக் கொண்டுபோய் நகராட்சி வாசலில் வைத்திருந்தால் கொட்டகையைத் திறந்திருப்பார்கள். நீ என்னைச் சுற்றிக் கட்டிவைத்துவிட்டுப் போய்விட்டாய். இப்போது அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை.

நான் தெருவை மாற்றினேன் என்று நினைத்திருந்தேன். தெரு என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

அண்ணி


மே 6

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தை அடுப்படியில் நின்றபடி வாசித்தேன். உட்கார முடியவில்லை.

அன்றைக்கு நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கொட்டகை மூடிய சேதி வந்தபோது நீங்கள் குழாய்களோடு படுத்திருந்தீர்கள். டாக்டர் வராந்தாவில் அண்ணனை நிறுத்தி, எந்த அதிர்ச்சியும் கூடாது என்றார். அண்ணன் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மறுநாள் தெருவைக் கூட்டினேன். குப்பையா அண்ணியா என்று கேட்டால் வேறு என்ன செய்வேன்? நீங்களே என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

நகராட்சி வாசலில் போய் உட்கார்ந்திருக்கலாம் என்கிறீர்கள். ஒருநாள் தனியாகப் போனேன் அண்ணி. நீங்கள் இல்லாமல் என்ன பேசுவதென்று தெரியவில்லை. எல்லோரும் என்னைச் சண்டைக்கோழி என்பார்கள். சண்டைக்குக் காரணம் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானே? நான் சத்தம் மட்டும்தான்.

பிறகு சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் எழுந்து நடந்த முதல் நாள் என்ன செய்தீர்கள் தெரியுமா? நேராகப் பின்கட்டுக்குப் போய்ப் பால் கவரைக் கழுவினீர்கள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டாலே நான் வாசல் பக்கம் போய்விடுவேன். மகன் கூப்பிட்டதும் உடனே புறப்பட்டதற்கு அதுதான் காரணம். பேரன் பிறந்தது ஒரு சாக்கு.

திட்டி எழுதுங்கள். நான்கு பக்கம் திட்டுங்கள். என் பெயரை எழுதி அதன் மேல் கோடு போட்டு அனுப்பினாலும் சரி, உங்கள் கையெழுத்தில் ஏதாவது வரட்டும். அண்ணனைப் போனில் கேட்டால் “சுகம்” என்கிறார். அவரிடம் அதற்கு மேல் என்றைக்கு வந்திருக்கிறது?

குழந்தை எழுந்து நிற்கிறான். அந்தக் குப்பைக் கதவைப் பார்த்துக் கையை நீட்டுகிறான். என்னை மன்னியுங்கள் என்று எழுத வரவில்லை. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். அதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பேன்?

பதில் போடுங்கள் அண்ணி.

உங்கள்
சண்டைக்கோழி


ஆகஸ்ட் 11

அன்புள்ள நாத்தனாருக்கு,

கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. பேரக்குழந்தை நடக்கத் தொடங்கியது அறிந்து மகிழ்ச்சி.

இங்கே வெயில் தணிந்திருக்கிறது. போன மாதத்திலிருந்து ஓர் அறை உள்ள லாரிதான் வருகிறது. வேலை சீக்கிரம் முடிகிறது என்று டிரைவர் சொன்னார். பச்சை வாளியில் உன் அண்ணன் தண்ணீர் பிடித்து வைக்கிறார். அறை ஜன்னலைத் தச்சர் வந்து இழைத்துச் சரிசெய்துவிட்டார். இப்போது ஒட்டுவதில்லை. புதுக் கண்ணாடி வாங்கியாகிவிட்டது.

இங்கு எல்லோரும் சுகம். அங்கு எல்லோரும் சுகமா?

இப்படிக்கு,
அண்ணி